ஒட்டிய விழியும் ஒவ்வாத உடலும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடியை அடுத்துள்ள நயினார்கோவில், நாகநாதர் உறையும் தலம். வாசுகி என்னும் நாகம் இங்கு வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். குளத்திற்கும் வாசுகி தீர்த்தம் என்றே பெயர். வாய் பேசாத இசுலாமியச் சிறுமி ஒருத்தி இச்சந்நிதியில் முதன்முறையாக வாய் திறந்து "நயினார்" என அழைத்தாள் என்றும், அச்சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்றும் செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. இசுலாமியரும் வந்து வழிபடும் கோயில் இது. வேற்றவர் எனப்படுவோரைத் தன்னவராக ஏற்றுக்கொண்ட ஊர் என்று இதனைச் சொல்லலாம். இக்கட்டுரையும் ஏற்றலையும் ஏலாமையையும் பற்றியதே. ஆனால் நாம் பேசப்போவது ஊரைப் பற்றியன்று, உடலைப் பற்றி.

நம் நண்பர் ஒருவரின் பெரியப்பா இவ்வூரை ஒட்டிய சிற்றூரில் மிளகாய் பயிரிடுபவர். சில ஆண்டுகளுக்கு முன் சீமைக் கருவேலம் வெட்டும்போது முள் ஒன்று அவர் வலக்கண்ணில் தைத்தது. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றினார்கள். வாரக் கணக்கில் சென்ற பின்னர் மருத்துவரிடம் போனபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது; ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. பின்னொரு நாள் இறந்தவர் ஒருவரின் கருவிழியை அவருக்கு ஒட்டினார்கள். ஓராண்டுக்கும் மேலாக நன்றாகத் தெரிந்தது. அதன்பின் ஓர் அறுவடை நாளில் கண் சிவந்தது. தையல் நூல் ஒன்று தளர்ந்து சீழ் கோத்திருந்ததைப் பிறகுதான் கண்டார்கள். வேலை முடியட்டும் என்று பத்து நாள் கடத்திவிட்டார். ஒட்டிய படலம் மீண்டும் வெளுத்துப் போயிற்று. சென்ற ஆடியில் அவரைச் சந்தித்தபோது அவர் சொன்னது இது:

"அடுத்தவுக கண்ணு தம்பி. ஒரு வருசம் இருந்துச்சு. பெறகு எங் கண்ணு வேணாம்னு தள்ளிருச்சு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. தள்ளியது அவர் உடல்தான். ஓராண்டு பேசாமல் இருந்த உடல் அந்த அறுவடை நாளில் ஏன் தள்ளத் துணிந்தது? நூல் வழியே புகுந்த நுண்ணுயிருக்கும் அத்துணிவுக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாவுக்கு விடை தேடிப் போனபோது நாம் கண்ட வரலாற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தன் தோலும் பிறர் தோலும்

ஒட்டு அறுவை நம் நாட்டுக்குப் புதிதன்று. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தசை கொண்டு சீரமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையில் மாட்டு வண்டியோட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் படையினர் சிறைபிடித்து மூக்கை அறுத்தனர். பின்னர் புனேப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி மூக்காக்கினார். இச்செய்தி 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்துடன் வெளியானது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் இங்கிலாந்தில் அம்முறையைக் கையாண்டார். இன்றைய ஒட்டறுவை இயலின் வேர்களில் ஒன்று இங்கிருந்து போனதே.

ஆனால் இவையெல்லாம் தன் தோலைத் தனக்கே ஒட்டியவை. பிறர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்ற ஐயம் பழையது. 1597இல் மூக்கறுவை பற்றிப் பெருநூல் எழுதிய இத்தாலியர் தாலியாகோட்சி, ஒவ்வொருவர் உடலுக்கும் உரிய தனித்தன்மையின் வலிமை பிறர் தசையை ஏற்கவிடாது என்று கருதினார். எதிர்ப்பாற்றல் என்னும் கருத்தே பிறவாத காலத்தில் எழுந்த எண்ணம் அது.

அந்த எண்ணத்துக்குச் சான்று கிடைக்க மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில், தீக்காயம் பட்ட 22 வயதுப் பெண்ணுக்கு அவருடைய தமையனின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டினர் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடாவரும். அவை சில காலம் இருந்து உதிர்ந்தன. அதே தமையனிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து ஒட்டியவை முன்னிலும் விரைவாக உதிர்ந்தன. உடல் முதல் முறையை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். அம்மைத் தழும்பு ஏறியவனை அம்மை மறுமுறை அண்டாததற்கு எந்த நினைவு காரணமோ, அதே நினைவே தமையனின் தோலையும் விரட்டியது. 1943இல் வெளியான இக்குறிப்பிலிருந்து தொடங்கிய பாதை, 1960இல் மெடாவருக்கும் மக்பார்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசாக முடிந்தது.

நினைவில் நிற்கும் அடையாளப் பொருளுக்கே ஆன்டிஜென் என்று பெயர். நுண்ணுயிரின் மேலுறையிலும் அது உண்டு, அயலாரின் தசையிலும் உண்டு. இரண்டையும் உடல் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. அப்படியானால் ஒன்றைக் கண்டு மூண்ட சினம் மற்றொன்றின் மேல் பாயாதா? அவ்வினாவுக்கு வருமுன் விழியின் தனிக்கதையைச் சொல்ல வேண்டும்.

விழிக்கு உண்டு ஒரு விலக்கு

1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இன்று செக் நாட்டில் உள்ள ஓலொமோட்ஸ் என்ற ஊரில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் சுண்ணாம்பால் இரு கண்ணும் வெந்துபோன கூலியாள் ஒருவருக்குக் கருவிழி ஒட்டினார். இரும்புத் துணுக்கு பாய்ந்து கண்ணை இழந்த 11 வயதுச் சிறுவனின் படலம் அது. ஒரு கண்ணில் ஒட்டு தோற்றது. மறு கண்ணில் தெளிவாக நின்றது. மனிதருக்கு மனிதரிடமிருந்து எடுத்து வைத்து வெற்றி கண்ட உறுப்பு ஒட்டுகளில் முதன்மையானது இதுவே. அக்காலத்தில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் இல்லை. இருந்தும் நின்றது. எப்படி?

விடை 1948இல் கிடைத்தது. மெடாவர் முயலின் தோலை மற்றொரு முயலின் விழிமுன் அறையில் வைத்துப் பார்த்தார். இரத்தக் குழாய்கள் அதனுள் புகாதவரை தோல் உயிருடன் இருந்தது. உடலின் காவலர் இரத்த வழியே வருவர்; வழி இல்லாத இடத்தில் வேற்றவர் தங்கியிருந்தாலும் அவர்களுக்குச் செய்தி எட்டுவதில்லை. கருவிழி இரத்தக் குழாயே இல்லாத படலம். கண்ணீரிலிருந்தும் உள்நீரிலிருந்தும் உணவு பெறுவது. அதனால் அதற்கு இயற்கை ஒரு விலக்கு அளித்திருக்கிறது. இன்றும் பெரும்பாலான கருவிழி மாற்றுக்கு இரத்த வகை பார்ப்பதில்லை என்பதை வாசகர் அறிந்திருக்கலாம்.

அதே 1948ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். நம் நாட்டில் இத்துறையின் தொடக்கமாக அது குறிக்கப்படுகிறது. 1945லேயே அங்குக் கண் வங்கி தொடங்கப்பட்டிருந்தது. 1819இல் பிறந்த அம்மருத்துவமனை, உலகின் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதற்கும் தெற்கே, தஞ்சையில், இரண்டாம் சரபோஜி காலத்துக் கண்நோயாளிகளைப் பற்றிய படத்துடன் கூடிய பதிவுகள் சரசுவதி மகாலில் உள்ளன என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். கண்ணைப் பேணிய நெடிய மரபு நமக்கு உண்டு.

ஆயினும் விலக்கு முழுமையானதன்று. தெளிந்து நின்ற படலங்கள் சில மாதங்கள் கழித்து ஏன் மங்குகின்றன என்பது அக்கால மருத்துவர்க்குப் புதிராக இருந்தது. அமெரிக்கரான எட்வர்ட் மாமனி 1951இல் முயல்களைக் கொண்டு அதை விளக்கினார். கருவிழி கொடுத்த முயலிடமிருந்தே தோலையும் எடுத்து, கருவிழி பெற்ற முயலின் உடலில் ஒட்டினார். தோலைக் கண்டதும் உடல் விழித்துக்கொண்டது. அதுவரை தெளிவாக இருந்த கருவிழியும் மங்கியது. விழியில் வேற்றவர் இருப்பதை உடல் அறியாமல் இருந்ததே தவிர, மன்னித்துவிடவில்லை. வேறிடத்தில் தூண்டினால் விழியையும் தேடி வரும்.

இங்கே தூண்டியது அதே முயலின் தோல். தோலே இல்லாமல் நுண்ணுயிரால் மட்டும் தூண்ட முடியுமா?

நுண்ணுயிர் நடுவில் புகுதல்

முடியும் என்று இரண்டு ஆய்வுகள் 1960களில் காட்டின.

முதலாவது 1962இல். ஒரே குலத்துச் சுண்டெலிகளில் ஆண் எலியின் தோலைப் பெண் எலிக்கு ஒட்டினால், ஆணுக்கே உரிய மெல்லிய வேறுபாடு ஒன்றைக் கண்டு பெண் உடல் அதனை மெதுவாகவே தள்ளும். பால்னர், ஓல்டு, கிளார்க் ஆகியோர் இப்பெண் எலிகளுக்குக் காசநோய்த் தடுப்பு நுண்ணுயிரான பி.சி.ஜி.யைச் செலுத்தினர். தள்ளுதல் விரைந்தது. நம் இடத்தோளில் தழும்பிட்ட அதே பி.சி.ஜி. அதற்கும் ஆண் எலியின் தோலுக்கும் உருவ ஒப்புமை ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அது செய்தது ஒன்றே: தூங்கிக்கொண்டிருந்த காவலரைத் தட்டி எழுப்பியது. (குழந்தைப் பருவத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் யாரும் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. எலிகளின் உடலில் அப்போது தொற்று உயிருடன் நடந்துகொண்டிருந்தது, பழந்தழும்பு அவ்வாறன்று.)

இரண்டாவது ஆய்வு இன்னும் வியப்பானது. நியூயார்க்கில் ஃபெலிக்ஸ் ராப்பபோர்ட்டும் ராபர்ட் சேஸும் 1964இல் சயன்ஸ் இதழில் எழுதியது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரைச் சூட்டினால் கொன்று, அச்சடலத்தைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டனர். பிறகு அவற்றுக்கு வேறு கினிப்பன்றிகளின் தோலை ஒட்டினர். முன்னரே அத்தோலைப் பார்த்துப் பழகிய உடல் எவ்வளவு விரைவாகத் தள்ளுமோ, அவ்வளவு விரைவாக அவை தள்ளின. கிளாஸ்கோவில் தமையன் தோல் இரண்டாம் முறை பட்ட பாட்டை இங்கே அயல் தோல் முதல் முறையிலேயே பட்டது. அதற்கு முன்னறிமுகமாக நின்றது நுண்ணுயிர். எல்லா நுண்ணுயிரும் இவ்வாறு செய்யவில்லை என்பது முக்கியம். ஆகவே இது வெறும் தட்டி எழுப்பல் மட்டுமன்று. அந்த நுண்ணுயிரின் உறையில் உள்ள ஏதோ ஒன்று, தோலின் அடையாளத்தை ஒத்திருக்கிறது என்று அவர்கள் கருதினர்.

இக்கருத்து அந்தரத்தில் தொங்கவில்லை. அதே ஆண்டுகளில் மெல்வின் கப்லான் என்பவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள்கள் மனித இதயத் தசையையும் பற்றுகின்றன என்று காட்டியிருந்தார். சிறுவயதில் தொண்டைப் புண் வந்து, பிறகு மூட்டுகள் வீங்கி, கடைசியில் இதய வால்வு பழுதான ஒருவரையேனும் நம் ஊர்களில் அறியாதார் இலர். கீல்வாதக் காய்ச்சல் என்னும் அந்நோயில், உடல் நுண்ணுயிரை அடிக்கப்போய்த் தன் இதயத்தையே அடிக்கிறது. தன் இதயத்தையே அடையாளம் பிழைத்து அடிக்கும் காவலர், பிறர் தோலை விட்டுவைப்பரோ?

மூன்று வாசல்கள்

இன்று அறிந்தவற்றைக் கொண்டு பார்த்தால், நுண்ணுயிர் ஒட்டைக் குலைக்கும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வழி ஒப்புமை. மேலே கண்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வழி. முன்பு நுண்ணுயிரோடு போரிட்ட நினைவணுக்கள், அயலார் தசையில் அதன் சாயலைக் கண்டு மீண்டும் எழுகின்றன. திருடனின் அண்ணன் மகன் என்று யாரையோ பிடித்து அடிப்பது போன்றது.

இரண்டாம் வழி எச்சரிக்கை மணி. இதன் கதை 1989இல் தொடங்குகிறது. ஓர் அயற்பொருளை மட்டும் ஊசியாகப் போட்டால் உடல் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனுடன் இறந்த காசநோய் நுண்ணுயிரைக் கலந்தால்தான் எதிர்க்கிறது. எதிர்ப்பியல் அறிஞர் அனைவரும் பல்லாண்டுகளாக இதைச் செய்து வந்தனர். காரணம் கேட்டவர் இல்லை. சார்ல்ஸ் ஜேன்வே அதைக் கேட்டார். 'அயலான்' என்பது மட்டும் போதாது, 'நுண்ணுயிர் வந்திருக்கிறது' என்ற அடையாளமும் வேண்டும். அதை உணரும் கருவிகள் உடலில் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்றார். 1996இல் ஈயிலும் 1998இல் எலியிலும் அக்கருவிகளை ழூல் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் ஆகியோரின் குழுக்கள் இனங்கண்டன. டோல் வகை ஏற்பிகள் என்பது அவற்றின் பெயர். அம்மணியைக் கேட்டு அயற்பொருளை ஏந்திச் சென்று காவலருக்குக் காட்டும் கிளைத்த அணுக்களை 1973இல் கண்டவர் ரால்ஃப் ஸ்டைன்மன். மூவருக்கும் 2011இல் நோபல் வழங்கப்பட்டது. ஒட்டுக்கு இதனால் என்ன என்றால்: அயல் தசை அருகில் இருக்கும்போது நுண்ணுயிரின் மணி ஒலித்தால், அந்த இரைச்சலில் அயல் தசையும் காட்டிக்கொடுக்கப்படுகிறது. டோல் ஏற்பி ஒன்று மரபிலேயே சற்று மந்தமாக அமைந்தவர்களிடம் மாற்று நுரையீரல் தள்ளப்படுவது குறைவு என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது.

மூன்றாம் வழி பாதை அமைத்தல். கருவிழிக்கு இதுவே முதன்மையானது. நுண்ணுயிர் தொற்றிய படலத்தை நோக்கிக் கண்ணின் ஓரத்திலிருந்து இரத்தக் குழாய்கள் வேர்போல் ஊர்ந்து வருகின்றன. அவற்றுடன் கண்ணுக்குத் தெரியாத நிணநீர்க் குழாய்களும் வருகின்றன. சாதாரணமாகப் படலத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் நடுவிடத்துக்கு நகர்கின்றன. 1980களில் எலிகளின் கருவிழியில் நுண்ணிய ரப்பர் மணிகளைத் தூவி இவ்வணுக்களை நடுவுக்கு வரவழைத்தபோது, ஒட்டுத் தள்ளப்படுவது பெருகியது. மெடாவர் 1948இல் சொன்ன விதி தலைகீழாகிறது: வழி இல்லாததால் தப்பிய வேற்றவர், வழி உண்டானதும் அகப்படுகிறார். குழாய் ஏறாத கண்ணில் ஒட்டிய படலம் முதல் ஆண்டில் பத்தில் ஒன்பது தெளிவாக நிற்கும். குழாய் ஏறிய கண்ணில் அவ்வாறு உறுதி சொல்ல இயலாது.

கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடிபுகும் என்பது நம் பழமொழி. நாகநாதர் ஊரில் அது கூடுதலாகவே பொருந்தும். தளர்ந்த தையல் நூல், நுண்ணுயிர் குடியேற எடுத்து வைத்த புற்று. நுண்ணுயிர் ஏறியபின், அதை அடிக்க வரும் குழாயும் அணுவும் எடுத்து வைப்பது இன்னொரு புற்று. அதில் குடிபுகுவது நிராகரிப்பு. நண்பரின் பெரியப்பாவின் பத்து நாளில் நடந்தது இதுவே என்று நாம் எண்ணுகிறோம்.

குடலிலும் தோலிலும் வாழும் அமைதியான நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிகாகோவில் 2016இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர் அறவே இல்லாமல் வளர்த்த எலிகளும், நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட எலிகளும் அயல் தோலை மெதுவாகவே தள்ளின. இயல்பான எலியின் குடல் நுண்ணுயிரை அவற்றுக்குக் கொடுத்தபின் விரைந்து தள்ளின. மாற்றுச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் விட, காற்றும் உணவும் வந்துபோகும் நுரையீரலும் குடலும் அதிகமாகத் தள்ளப்படுவதற்கு இது ஒரு காரணம் என்பர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது. தொழுநோயின் முற்றிய வகையில் உடலின் எதிர்ப்பணுக்கள் சோர்ந்திருக்கும். அத்தகைய நோயாளரிடம் பிறர் தோல் நெடுநாள் தங்கியதாக 1971இல் ஓர் ஆய்வு கூறியது. லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் தொற்றியதால், மாற்று இதயத்தோடு இணங்கி வாழ்ந்த எலிகளின் இணக்கம் குலைந்ததும் உண்டு. தொற்று நீங்கிய பின் அதே கொடையாளியின் இரண்டாம் இதயத்தை அவற்றுட் சில ஏற்றுக்கொண்டதும் உண்டு. உடலின் வெறுப்பு எப்போதும் நிலைத்ததன்று என்பது சற்றே ஆறுதலான செய்தி.

மருந்து என்னும் இருதலைக் கொள்ளி

தமிழ்நாட்டில் சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றியாகத் தொடங்கியது. அங்கே மருத்துவர் எதிர்கொண்ட பெரும்பகை காசநோய். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவருள், உள்ளே உறங்கிய காசநோய்க் கிருமி நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் எழுந்தது. அதற்குத் தரும் ரிஃபாம்பிசினோ, கல்லீரலைத் தூண்டிச் சைக்ளோஸ்போரினை விரைவில் சிதைக்கச் செய்யும். அடக்கும் மருந்தின் அளவு குருதியில் குறையும். உடல் சிறுநீரகத்தைத் தள்ளத் தொடங்கும். இங்கு நுண்ணுயிர் தன் உறையால் மட்டுமின்றித் தன்னைக் கொல்லும் மருந்தாலும் ஒட்டைக் கெடுக்கிறது. மேலை நாட்டு நூல்களில் ஓரமாக இருந்த இச்சிக்கலை நம் மருத்துவர்கள் அன்றாடம் எண்ணிக் கணக்கிட வேண்டியிருந்தது.

கண்ணில் இதே இருதலைக் கொள்ளி வேறு வடிவில். ஒட்டைத் தள்ளும் சினத்தை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு, தொற்றை அடக்கும் படைகளையும் சேர்த்தே அடக்கும். சிவந்த கண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, சிவப்புக்குக் காரணம் நுண்ணுயிராகவோ பூஞ்சையாகவோ இருந்தால், சிவப்பு குறையும். புண் உள்ளே வளரும். பெரும்பாலும் மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில், 500 நோயாளரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, பாக்டீரியாப் புண்ணில் நுண்ணுயிர்க்கொல்லியுடன் ஸ்டீராய்டும் சேர்ப்பதால் மூன்று மாத முடிவில் பார்வை மொத்தத்தில் மேம்படுவதில்லை என்று கண்டது. உரிய மருத்துவர் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும்போதே இந்நிலை. தானே வாங்கி விடுபவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வயற்காட்டுக் கண்

இத்தனையும் ஆய்வுக்கூடத்துச் செய்தி. இவற்றுக்கெல்லாம் வேர் வயலில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டுக் கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் அறியப்பட்ட அளவினும் இது பன்மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளரை ஆராய்ந்தபோது, மூவரில் ஏறத்தாழ இருவர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். கிருமி வளர்த்துப் பார்த்ததில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோனியாவுக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு. நெற்சுணை, கரும்புத் தோகை, கருவேல முள், மாட்டு வால் என்று காரணங்கள் நம் மண்ணின் பட்டியலாகவே நீளும்.

கீறல் பட்ட அன்றே தடுத்தால் என்ன? நேபாளத்தின் பக்தபூரில் ஊர்த் தொண்டர்களைப் பயிற்றி, கண் கீறியவர்களுக்கு 18 மணி நேரத்துக்குள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டபோது, அவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001இல் அறிவித்தார்கள். பெருத்த நம்பிக்கை எழுந்தது. ஆனால் அதே நாட்டில் ஊர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து விரிவாக நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டர் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் மொத்தக் கணக்கில் வேறுபாடு தெரியவில்லை. களிம்பு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. களிம்பு இருக்கும் இடத்துக்குக் கண் வந்து சேர வேண்டுமே. தாய்ப்பாலும் பூவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது எளிதன்று.

ஒட்டுப் பெற்றவர்க்கு மருத்துவர் சொல்லியனுப்பும் அடையாளங்கள் நான்கு: சிவத்தல், வெளிச்சம் பொறாமை, பார்வை மங்கல், வலி. நான்கில் ஒன்று தோன்றினாலும் அன்றே வர வேண்டும். அது தொற்றா, நிராகரிப்பா என்று பிரித்தறிய நோயாளியால் ஆகாது. பல நேரம் இரண்டும் கைகோத்தே வரும் என்பதை மேலே கண்டோம். முதல் நாளில் வந்தால் நூலை எடுத்து, கிருமியைக் கொன்று, பிறகு சினத்தை அடக்கிப் படலத்தைக் காக்க வாய்ப்பு உண்டு. பத்தாம் நாளில் அவ்வாய்ப்பு குறைவு.

முடிவாக

பெரியப்பாவிடம் இதில் முக்கால் பங்கைச் சொன்னோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் டோலையும் விட்டுவிட்டு, நூலையும் புற்றையும் பாம்பையும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எங் கண்ணு சும்மா தள்ளல. எவனோ தூண்டி விட்டுருக்கான்" என்றார். ஆறுதல் பட்டவர் போலத் தோன்றியது. உடனே அடுத்ததையும் கேட்டார்: "பத்து நாளு நான் வயல்ல நின்னது?"

அதற்கு நாம் விடை சொல்லவில்லை. அறுவடையை நிறுத்திவிட்டுப் பரமக்குடிக்குப் பேருந்தேறி, அங்கிருந்து மதுரைக்குப் போய், இருந்து, திரும்ப ஆகும் நாளும் காசும் அவருக்குத் தெரியும். நம் கட்டுரைக்குத் தெரியாது. மறுமுறை ஒட்டலாம் என்றும் மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குழாய் ஏறிய கண் என்பதால் வாய்ப்பு முன்னைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. இறந்தவர் ஒருவர் வீட்டார், அழுகைக்கு நடுவே, ஆறு மணி நேரத்துக்குள் மனம் தேறி எடுத்துக் கொடுக்கச் சொன்ன கண் அது. "அதக் காப்பாத்தாம விட்டுட்டு இன்னொண்ணு கேக்க எப்படி வாய் வரும்?" என்பது அவர் தயக்கம்.

இப்போது ஊரில் யாருக்குக் கண் சிவந்தாலும் அவர்தான் முதலில் போய் நிற்கிறார் என்று நண்பர் சொன்னார். தாய்ப்பால் வாங்கப் போனவர்களைத் திருப்பி அனுப்புகிறாராம். சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்துப் பையனைச் சட்டையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றியிருக்கிறார். பையனின் கண் பூ விழாமல் தப்பியது.